வில்லன் இல்லாத சண்டை

அடிதடியைப் பார்த்ததும் மோதலைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்த்துப் பழக ‘முள்ளும் மலரும்’ (1978) நல்ல படம். மகேந்திரன் இயக்கிய முதல் படம் அது. முடிவையும் சொல்லப் போகிறேன். முடிவு தெரிந்து பார்த்தால்தான் இதில் ருசி அதிகம்.

காளி மின் நிலையத்தில் விஞ்ச் (கம்பிவடத்தில் இழுக்கப்படும் வண்டி) ஓட்டுபவன். தங்கை வள்ளியைத் தவிர அவனுக்கு நாதியில்லை. ஊர்க்காரர்களை விஞ்சில் ஏற்றிக்கொண்டு போவான். புதிதாக வந்த இன்ஜினியர் குமரன், அது விதிமீறல் என்கிறார். இங்கேயே படத்தை நிறுத்தி, யார் சொல்வது சரி என்று கேட்டுப் பாருங்கள். காளியாக நடிக்கும் ரஜினிமேல் நமக்குள்ள பிரியத்தைத் தள்ளி வைத்தால், குமரனாக வரும் சரத்பாபு பேசுவதில் தப்பே கிடையாது. குமரனை ஓர் அயோக்கியனாக மாற்றி யோசியுங்கள். காளி நாலு அறை விடுவான், நாம் விசிலடிப்போம், படம் அதோடு சரி.

பிறகு குடித்துவிட்டுச் சாலையில் கிடக்கும் காளியின் கைமேல் லாரி ஏறிவிடுகிறது. கையும் போய் வேலையும் போகிறது. அந்தக் கோபம் முழுக்கக் குமரன்மேல் திரும்புகிறது. அந்தக் குமரன்தான் வள்ளியைக் கட்டிக்கொள்ள விரும்புகிறார். எந்த அண்ணனும் தேடிப் போய்ப் பேச வேண்டிய வரன். காளி முடியாது என்கிறான். இந்த இடத்திலிருந்து குமரனை விட்டுவிட்டுக் காளியை மட்டும் கவனியுங்கள். அவன் பாசமும் அவன் வீம்பும்தான் இனி எதிரெதிரே நிற்கின்றன.

இதற்குள் காளிக்கு மனைவியாகிவிட்ட மங்காவே வள்ளியை அழைத்துக்கொண்டு குமரனிடம் கிளம்புகிறாள். காளி வழியில் வந்து நிற்கிறான். எல்லோரையும் விட்டுவிட்டு வள்ளி அண்ணனிடம் ஓடி வருகிறாள். அவன் முகத்தைப் பாருங்கள். தங்கை தன்னைத்தான் தேர்ந்தெடுத்தாள் என்பதை அத்தனை பேரும் பார்த்தாயிற்று. வீம்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதனால்தான் பாசத்துக்கு வழி திறக்கிறது, அவனே அவளைக் குமரனுக்குக் கொடுக்கிறான். கை ஓங்காமலே நடக்கும் இந்தக் காட்சியில் பெரும்பாரத்தைச் சுமப்பது பாலுமகேந்திராவின் கேமராவும் இளையராஜாவின் இசையும்தான்.

சாதாரண இயக்குநராக இருந்தால் காளியையும் குமரனையும் கட்டித் தழுவ வைத்திருப்பார். இங்கே தங்கையைக் கொடுக்கும்போதும், உங்களை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்று குமரனிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான் காளி.