பட்டம் கொடுத்தவர்கள்

‘பெரியார்’ பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால், ‘பெண்கள் மாநாடு’ என்று மாணவிகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பெண்கள் என்றால் பதில் வருவதில்லை.

1938 நவம்பர் 13, சென்னை. தலைமை நீலாம்பிகை அம்மையார். மறுநாளே தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். மாநாட்டில் பேசி அவர்களைத் தூண்டிவிட்டதாக ஈ.வெ.ரா.மீது வழக்கு! இராமாமிர்தம் 1936லேயே தேவதாசி முறையைத் தோலுரித்து நாவல் எழுதியவர். 1938ல் திருச்சியிலிருந்து சென்னைவரை இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்தவர். அவரைத் தூண்டிவிட ஓர் ஆண் வேண்டுமா என்ன?

அரசை விடுங்கள். நான் படித்த இயக்க வரலாறுகளும் பட்டத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, ‘பெண்களும் சிறை சென்றனர்’ என்ற ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. குழந்தைகளோடு சிறை போன சீதம்மாளின் பெயர் அந்த வரியில் இல்லை.