துண்டுப்பிரசுரத்தில் இல்லாத ஆண்

பாடசாலை லீவு நெருங்கினால் கொழும்புப் பள்ளிவாசல்களின் வாசலில் துண்டுப்பிரசுரங்கள் கைக்கு வரும். சுற்றுலா போகும் குடும்பங்களுக்கு மார்க்கம் சொல்லும் பிரசுரங்கள். இவற்றையும் ஓர் எழுத்து வகையாக எடுத்து விமர்சிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம்மில் நாவல் படிப்பவர்களைவிட இவற்றைப் படிப்பவர்களே அதிகம்.

என்னிடம் சேர்ந்திருப்பவற்றில் அமைப்பு ஒன்றேதான். தொடக்கத்தில் ஸூரா அந்-நூரின் 31ஆவது வசனம். பிறகு பெண்ணின் உடுப்பு, பெண்ணின் குரல், மஹ்ரம் இல்லாத பயணம், நனைந்த அபாயா உடம்போடு ஒட்டுவது. கடைசியில் நரகம். ஆண் எங்கே? "பொண்டாட்டி பிள்ளைகளக் கட்டுப்படுத்துங்க" என்ற இடத்தில் மட்டும் தலைகாட்டுகிறான்.

31க்கு முன்னால் 30 இருக்கிறது. பார்வையைத் தாழ்த்தும்படி அங்கே முதலில் கட்டளை பெறுபவர்கள் முஃமினான ஆண்கள். எழுதியவர் இதை அறியாதவரல்லர். ஆனாலும் 31இலிருந்தே தொடங்குகிறார்.

புஹாரியில் வரும் சம்பவமும் நமக்குத் தெரிந்ததே. இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்தார் இளைஞரான பள்ல் இப்னு அப்பாஸ் (ரழி). கஸ்அம் கோத்திரத்துப் பெண்ணொருத்தி மார்க்க விளக்கம் கேட்க வந்தார். பள்ல் அவரைப் பார்க்கத் தொடங்கினார். நபியவர்கள் பள்லின் முகத்தைத்தான் கையால் திருப்பினார்கள். பெண்ணின் கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. அந்தப் பெண் இஹ்ராமில் இருந்தார், அதனால் முகம் திறந்திருந்தது என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும். திருப்பப்பட்டது யாருடைய முகம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லையே.

இதே கேள்வி யூதர்களின் மார்க்கச் சட்டத்திலும் உண்டு. காஸாவில் நடப்பதையும் அறுகம்பையில் இஸ்ரேலியப் பயணிகள் பற்றிய மனக்கசப்பையும் வைத்துக்கொண்டு, யூத நூலை ஏன் இழுக்கிறீர் என்று கேட்பீர்கள். ஓர் அரசின் அநியாயம் வேறு, ஒரு சட்ட மரபு வேறு. அம்மரபின் பேரறிஞர் மூஸா இப்னு மைமூன் கெய்ரோவில் வாழ்ந்து அரபியிலும் எழுதியவர்; ஐயூபி அரசவையில் வைத்தியம் பார்த்தவர்.

தல்மூதின் பாபா பத்ரா பகுதியில் ஒரு வழக்கு வருகிறது. ஆற்றங்கரையில் பெண்கள் உடுப்புத் துவைக்கிறார்கள். அவ்வழியே ஓர் ஆண் போகிறான். வேறு பாதை இருந்தும் அதிலே போனால் அவன் கெட்டவன். வேறு பாதை இல்லாவிட்டால் போகலாம், ஆனால் கண்ணை அடக்க வேண்டும். துவைக்கிற பெண்களை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டில் நியூயோர்க்கின் ரப்பி மோஷே பைன்ஸ்டைன், நெரிசலான ரயிலில் வேலைக்குப் போவதை அனுமதித்தார். தன் பலவீனம் தெரிந்தவன் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உல்லாசப் பயணத்தில் அப்படியொரு நிர்ப்பந்தம் இல்லை. அதனால் கலந்து குளிக்கும் கடற்கரை விஷயத்தில் அந்தச் சட்டம் ஆணிடமும் கண்டிப்பாகவே இருக்கிறது.

அங்கேயும் வழி தவறியிருக்கிறார்கள். 2015 ஜனவரியில் நடந்த பாரிஸ் ஊர்வலத்தின் படத்திலிருந்து ஜெர்மன் தலைவி அங்கெலா மெர்க்கலை அழித்துவிட்டு அச்சிட்டது இஸ்ரேலின் ஒரு தீவிர மரபுப் பத்திரிகை. நூல் ஆணின் கண்ணைக் கட்டுப்படுத்தச் சொன்னது. பின்வந்தவர்கள் பெண்ணை அகற்றினார்கள். நம்முடைய பிரசுரங்களும் அந்தப் பாதையில்தான் போகின்றன.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே ஒடுங்கின இடம்தான். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் இருக்கிற உம்மாவுக்கு முற்றம் கிடையாது. பிள்ளைகளோடு காற்று வாங்க அவருக்குக் கிடைப்பது இந்தக் கரையோ காலிமுகத்திடலோதான். தல்மூத் வழக்கின்படி வேறு பாதை இல்லாதவர் அவர். பாறையில் குந்திக்கொண்டு பார்க்கிற இளந்தாரிக்கு வேறு பாதை எத்தனையோ இருக்கு. பிரசுரமோ உம்மாவைத்தான் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை சின்னதல்ல. 2004 சுனாமியில் பல கரையோர ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மௌத்தானார்கள். நீந்தத் தெரியாதது அதற்கான காரணங்களில் ஒன்று. கடலுக்குக் கிட்டப் போகாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு நீச்சல் எப்படி வரும்?

உடுப்பில் ஒழுங்கு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 31ஆவது வசனமும் அல்லாஹ்வின் வசனம்தான். அடுத்த லீவுக்குப் பிரசுரம் எழுதப்போகும் மௌலவிமாரிடம் கேட்பது இவ்வளவுதான்: 30இலிருந்து தொடங்குங்கள். பள்லின் கதையை இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் நீந்தப் பழகத் தனி நேரம் ஒதுக்கிய தடாகம் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் போடுங்கள்.