மண்சட்டி: கேஸ் அடுப்பில் எப்படி?

சமையலுக்கான மண்சட்டி இன்று கடைகளில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: அடி உருண்ட பழைய சட்டி, கேஸ் அடுப்புக்கென்றே அடியைத் தட்டையாக்கிய புதிய சட்டி. வசதி என்று பார்த்தால் இரண்டாவது. உழைப்பு என்று பார்த்தால் முதலாவது. வித்தியாசம் செய்முறையிலேயே தொடங்குகிறது.

சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை, கடத்துக்குப் பேர்போன ஊர். அங்கு செய்யும் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மண்ணைக் கரைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்குவது முதல் வேலை. வெறும் களிமண் காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கும், பின்னால் அடுப்புச் சூட்டைத் தாங்கவும் கைகொடுக்கும். உருண்ட பாண்டத்துக்குச் சக்கரத்தில் முடிவான வடிவம் பெறுவது வாயும் கழுத்தும்தான். பாதி உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலியவைத்து, அடியை உருட்டிக் கொண்டுவருவார்கள். தட்டத் தட்ட மண் இறுகும். அப்படிச் செய்த சட்டியின் உட்புறத்தை விரலால் வருடினால் கல் பதிந்த லேசான பள்ளங்கள் தட்டுப்படும். அச்சில் வார்த்ததில் இவை இருக்காது.

உருண்ட அடியில் மூலை கிடையாது. சூடேறும்போது மண் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே சீராக விரியும். தட்டை அடியிலோ சுவரும் அடியும் கூடுமிடத்தில் கனம் மாறுகிறது, சூடும் மாறுகிறது. கீறல் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் விழும். உருண்ட சட்டி கேஸ் அடுப்பின் கம்பிகளில் ஒழுங்காகவே உட்காரும். இறக்கி வைக்கத்தான் ஒரு பிரிமனை வேண்டும். அதற்காகச் சட்டியின் வடிவத்தையே மாற்றியது நல்ல பேரம் அல்ல.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கும் பழக்கத்தில் நியாயம் உண்டு. ‘டங்’ என்று தெளிவாக ஒலித்தால் நன்றாக வெந்தது. சத்தம் அமுங்கினால் கீறலோ வேக்காட்டுக் குறையோ இருக்கலாம். உட்புறம் பளபளவென்று பூச்சுப் போட்டதை, என்ன பூச்சு என்று தெரியாமல், வாங்காமல் இருப்பதே நல்லது. சில மலிவான மெருகுகளில் ஈயம் உண்டு; புளி அதைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும்.

புதுச்சட்டியை நேரே அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, பிறகு அரிசி கழுவிய நீரையோ வடிகஞ்சியையோ ஊற்றி, சிறுதீயில் கொதிக்கவிட்டு ஆறவிட வேண்டும். கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். முதல் சில சமையல்களில் சட்டி எண்ணெய் குடிக்கும். வெளிச்சுவரில் ஈரமும் பூக்கும். புழங்கப் புழங்க இரண்டும் அடங்கும்.

அடுப்பில் சட்டியின் குணம் மந்தம். அலுமினியம் மண்ணைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பம் கடத்தும். அதனால் சட்டியில் வெங்காயம் வதங்க நேரமாகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் சுடர் படும் இடம் மட்டும் கருகும். ஆனால் புளி கொதித்துச் சுண்ட வேண்டிய குழம்புக்கு இந்த மந்தமே வேண்டும். மீன்குழம்பை அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கக் காணலாம். கடைசித் துண்டுகள் அந்தச் சூட்டிலேயே, உடையாமல் வெந்துவிடும். மீன் முக்கால் பதம் வெந்ததுமே அடுப்பை அணைப்பது இதனால்தான். அலுமினியத்தைப் புளி அரிக்கும், மண்ணை அரிக்காது. எனவே மிச்சக் குழம்பு மறுநாள்வரை சட்டியிலேயே இருக்கலாம். கீரை கடைய உட்புறம் சொரசொரப்பான சட்டி தனியாக உண்டு, அதில் மத்துக்கு நல்ல பிடிப்பு. தயிருக்கோ மண்ணுக்கு இணை இல்லை: சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாக, தயிர் கட்டியாகவும் குளிர்ந்தும் நிற்கும்.

குறைகளும் அதே நுண்துளைகளிலிருந்துதான் வருகின்றன. மீன் வாடை ஏறினால் போகாது. மீனுக்கென்று ஒரு சட்டியை ஒதுக்கியே ஆக வேண்டும். சோப்பும் உள்ளே இறங்கிக்கொள்ளும் என்பதால் தேங்காய் நாரும் கடலைமாவும் போதும். வெறும் சட்டியைக் காயவைப்பது, கொதிக்கும் சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவது, ஈரமான கிரானைட் மேடையில் இறக்குவது ஆகிய மூன்றும் சட்டியைப் பிளக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு உலோகப் பாத்திரத்தைத்தான் சூடாக்கும் என்பதால் அதில் மண்சட்டிக்கு வேலையே இல்லை.

கழுவியவுடன் மூடிபோட்டு அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். வெயிலில் கவிழ்த்து, உள்சுவரும் நன்றாகக் காய்ந்த பிறகே எடுத்துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அணைத்த அடுப்பின் மிச்சச் சூடே போதும்.