பழைய ராணுவத் தோல் சாமான்: முத்திரையும் தையலும்

பழைய ராணுவத் தோல் சாமான் சேர்ப்பவர்களில் மூன்று வழியினர் உண்டு. மாதிரி வெளிவந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டு சேர்ப்பவர்கள், செய்த பட்டறையின் முத்திரையைத் தேடுபவர்கள், அணிந்தவரின் கதைக்காக வாங்குபவர்கள். கதையை மட்டும் நம்பியவர்தான் அதிகம் ஏமாறுகிறார். பொருளைப் படித்த பிறகே கதையைக் கேட்க வேண்டும் என்பேன்.

தோல் என்றால் பழையது, துணி என்றால் பிந்தியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரிட்டிஷ் படை 1903இல் தோளில் குறுக்கே மாட்டும் பழுப்புத் தோல் தோட்டாவாரைக் கொடுத்தது. 1908இல் பருத்தி நாடாவுக்கு மாறியது. முதல் உலகப்போரில் ஆள் சேர்ந்த வேகத்துக்கு நாடா நெய்து மாளவில்லை. 1914 மாதிரியில் தோலே திரும்பி வந்தது. பாம்பு வடிவக் கொக்கி உள்ள இடுப்புவார் அந்த மாதிரியைச் சேர்ந்தது.

முத்திரையில் அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசுச் சொத்து. கூடவே ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் இந்திய அரசுடையது. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டால் படையிலிருந்து கழித்து விற்ற சாமான். கான்பூரில் 1863இல் தொடங்கிய அரசுச் சேணத் தொழிற்சாலையின் சரக்கு நம் நாட்டில் தனி மதிப்புடையது.

முத்திரையைப் புதிதாகவும் அடித்துவிடலாம். ஆகவே வாரைத் திருப்பிப் பாருங்கள். பக்கிள் முள் ஏறிய துளை ஒன்று மட்டும் நீண்டிருக்கும், அங்கே மடிப்பு ஆழமாக விழுந்திருக்கும். பித்தளை ஆணியைச் சுற்றித் தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து பச்சை மெழுகாகக் கசிந்திருக்கும். இரண்டு ஊசி கொண்டு கையால் போட்ட தையலில் ஓரிழை அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். என் கணக்கில் முத்திரையைவிட இவையே நம்பகமான சாட்சிகள்.

நமக்கு இதில் சொந்தமும் உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த சென்னை மாகாணத் தோலை முதல் உலகப்போரின்போது அரசே வாங்கி, ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே தைத்த பூட்ஸ் என்றாலும் தோல் நம் பக்கத்ததாக இருக்கலாம்.

எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் தாத்தாவின் வாரோ தோட்டாப் பையோ கிடந்தால் பாலிஷ் போடாதீர்கள், முத்திரை அழிந்துவிடும். செம்பொடியாக உதிரும் தோலில் எண்ணெயும் தடவாதீர்கள். அவர் பெயரையும் படைப்பிரிவையும் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள்.