மலைக்குப் போக போடி

மலை பார்க்கப் போகிறவர்கள் பலரும் மலைமேலேயே அறை தேடுகிறார்கள். எனக்கு அடிவாரம்தான் பிடிக்கும், அதிலும் போடிநாயக்கனூர். கொட்டகுடி ஆற்றோரத்து ஊர். அறை வாடகை கையைக் கடிக்காது, ராத்திரியில் சூடாகப் பரோட்டா கிடைக்கும். ஏலக்காய்க் கிட்டங்கிகள் இருக்கும் தெருவில் நடந்தால் வாசனையே வழி சொல்லும். மலையில் விளைந்த காய் இங்கே வந்து தரம் பிரிந்து விலைபோகிறது.

காலையில் இரண்டு பக்கம் கிளம்பலாம். ஒன்று, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டு. அதைத் தாண்டிச் சூரியநெல்லி போய், ஜீப் பிடித்தால் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். ஜீப் பயணத்தில் இடுப்பு எலும்பு எண்ணப்படும், அது தனிக்கதை. இன்னொன்று குரங்கணி. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்தப் பக்கம்தான் இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. கீழே போடிக்கோ, அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்தது.

குரங்கணியில் மலையேற நினைப்பவர்கள் வனத்துறை அனுமதி வாங்காமல் கால் வைக்க வேண்டாம். 2018 மார்ச் காட்டுத்தீ பல உயிர்களைக் குடித்தது அங்கேதான். கோடையில் அந்தப் பக்கமே வேண்டாம்; மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் போங்கள்.