காணியும் கணக்கும்

கணினி விளையாட்டொன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது தகுமோ எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். 2024ஆம் ஆண்டின் முடிவுக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான ஒரு கற்பனைப் படைப்பை, அது ஏட்டில் அச்சாகவில்லை என்பதற்காக நாம் ஒதுக்கிவிடுதல் ஆகாது. எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் தனியொருவராக ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் உழைத்து, 2016இல் வெளியிட்ட 'ஸ்ராடியூ வாலி' என்பதே அப்படைப்பு.

கதை எளியது. ஜோஜா என்னும் பெருங் கம்பனியின் அலுவலகத்திலே வாழ்வு சலித்த ஊழியர் ஒருவர், பாட்டனார் விட்டுச்சென்ற காணியை நாடிப் போகிறார். கம்பனியின் இயந்திர வாழ்வை வெறுத்து மண்ணைத் தேடும் இத்தொடக்கத்தில் உண்மையான ஏக்கம் உண்டு. அதனை நாம் ஏளனஞ் செய்யோம்.

ஆயினும் விளையாடுவோரின் மனத்தை விரைவிலேயே ஆட்கொள்வது வேறொன்று, இடக்கணக்கு. கண்ணாடி இல்லத்தின் மண் 10 வரிசை, வரிசைக்கு 12 கட்டம், ஆக 120. இரிடியம் நீர்தெளிப்பான் ஒன்று தன்னைச் சுற்றி 24 கட்டங்களை நனைக்கும். ஆறு தெளிப்பான்கள் போதும். அவற்றில் இரண்டை மண்ணுக்கு வெளியே மரவிளிம்பில் நிறுத்தினால் நான்கு கட்டங்களே வீணாகும். எஞ்சிய 116 கட்டங்களிலும் ஆதிக்கனியை நட்டால், 28 நாளில் முதிர்ந்து, பின் ஏழு நாளுக்கொருமுறை ஓயாது காய்க்கும். கனியைப் பீப்பாவில் இட்டால் இன்னும் ஏழு நாளில் மும்மடங்கு விலைபெறும் மதுவாகும். பீப்பாக்களை அடுக்கக் கொட்டில்கள். அவையோ புறத்தே சிறியன, உள்ளே விசாலமானவை! இக்கணக்கைத் தீர்ப்பதில் அறிவுக்கு விருந்துண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், கம்பனியை விட்டோடியவர் இறுதியில் தம் காணியிலேயே ஒரு தொழிற்சாலையை நிறுவிவிடுகிறார். இதனைப் படைப்பாளர் உணர்ந்து செய்தாரா என்பது ஐயத்துக்குரியது. இங்கே நிலம் குறைவு என்பது வெறும் கேத்திரகணிதப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது. வாரம் கேட்கும் நிலச்சொந்தக்காரர் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை. ஒரே பயிரை ஆண்டாண்டாக இட்டாலும் மண் மலடாவதில்லை. அறுவடைக்கு ஆள் வேண்டுமாயின் யூனிமோ என்னும் வனதேவதைகள் வரும். அவை கூலி கேட்பதில்லை. நிலப்பசியின் காரணங்களை எல்லாம் அகற்றிவிட்டு அதன் பரபரப்பை மாத்திரம் தருவது எவ்வகை யதார்த்தம்?

இத்தனைக்கும் வறுமை அவ்வூரில் இல்லாமலில்லை. பஸ் பழுதானதால் வேலையிழந்த பாம் என்னும் சாரதியும், ஊர்ச் சிறுவர் இருவருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் அவர் மகள் பெனியும் ஆற்றங்கரையில் ஒரு வண்டிவீட்டுக்குள் நெருங்கி வாழ்கின்றனர். இடநெருக்கடி என்னும் சொல்லுக்குரிய மெய்ப்பொருள் இவ்விளையாட்டிலே அந்த வண்டிவீட்டில்தான் இருக்கிறது. படைப்பாளர் அதனைக் கண்டார். கண்டு, வாசகர் மனத்தில் நிற்கும் பாத்திரங்களாகவும் ஆக்கினார். இதற்காக அவரைப் பாராட்டுகிறோம். எனினும் அவர் காட்டும் தீர்வு யாது? 500,000 பொன்னும் 950 மரத்துண்டும் கொடுக்க வல்ல காணிக்காரர் மனமிரங்கினால் அவர்களுக்கு ஒரு வீடு எழும். மனமிரங்காவிடினும் குறைவொன்றுமில்லை, கண்ணாடி இல்லத்தின் 116 செடிகளும் வாரந்தோறும் காய்த்துக்கொண்டேயிருக்கும்.