அமுங்குதா, நகருதா

ஒரகடம் சாலையில் ஒரு கார்த் தொழிற்சாலையின் தகட்டுப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பிரஸ்ஸில் அழுந்தி வரும் கதவு, பானெட் மேல் பருத்திக் கையுறை போட்ட உள்ளங்கையை மெல்ல ஓட்ட வேண்டும். வெறுங்கை தகட்டில் ஒட்டும், கையுறை வழுக்கும். அந்த வழுக்கலில்தான் கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்குத் தட்டுப்படும். சந்தேகப்பட்ட இடத்தில் எண்ணெய்க் கல்லைத் தேய்த்தால் மேடு மட்டும் பளிச்சென்று தெரியும். அந்த வேலை பழகியதிலிருந்து, யார் எதைத் தொட்டாலும் எப்படித் தொடுகிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினோம். 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கும் இடம் அது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். பண்டிதரின் அரசியலைப் பேசுகிற நாம், அவர் சித்த வைத்தியராக நாடி பிடித்தவர் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அங்கே ஒரு பெண் மருத்துவர் அக்காவின் பின்னால் போய் நின்றார். இரண்டு கை விரல்களையும் கழுத்தின் முன்பக்கம் வைத்தார். வைத்தவர் அழுத்தவில்லை, சற்று நேரம் அப்படியே இருந்தார். விரலின் சூடும் தோலின் சூடும் ஒன்றாகிற வரை காத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு, "எச்சில் முழுங்குங்கம்மா" என்றார். அக்கா முழுங்கியபோது கட்டியும் மேலேறி இறங்கியது. தைராய்டில் எழுந்த கட்டி குரல்வளையோடு சேர்ந்து அசையும். வேறு இடத்துக் கட்டி பெரும்பாலும் அசையாது. ஒரு மடக்கு எச்சிலில் இவ்வளவு தெரிந்துவிடுகிறது. அடுத்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். அமுங்குகிறதா, நகருகிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா, வலிக்கிறதா, சுடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கும் அவசரம் இல்லை.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்பார்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் நாடிக்குத்தான் புகழ் அதிகம். பெண்களுக்கு இடது கையில் மூன்று விரல் வைத்து, ஆள்காட்டி விரலடியில் வாதம், நடுவிரலடியில் பித்தம், மோதிர விரலடியில் கபம் என்று பிரித்துப் பார்ப்பதை ஊரே வாய் பிளந்து கேட்கும். என் மனசு ஸ்பரிசத்தின் பக்கம்தான். நாடியை வைத்து யாரும் கதை விடலாம், கட்டியைத் தொட்டவர் கதை விட முடியாது.

தொட்டறிந்த தலைமுறைகள் சேர்த்துவைத்த சொற்களைப் பாருங்கள். காலில் புண் வந்து தொடை இடுக்கில் திரண்டால் நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். வெயிலில் வந்தால் வேனற்கட்டி, வலியில்லாமல் உருண்டு நின்றால் கழலை, பல கண் வைத்துப் புரையோடினால் பிளவை. கழுத்தைச் சுற்றி மணி கோத்ததுபோல் வரிசையாக வந்தால் கண்டமாலை. கட்டியின் வரிசையைத் தடவிப் பார்த்த விரல் இட்ட பெயர் அது. இன்று காசநோய்க் கணுக்கள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அந்தப் பெயருக்குள் அடங்கும். இந்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, 1928ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கென்று தொடங்கிய சானடோரியம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே அதனால்தான் அந்தப் பெயர். காசநோயால் வந்த கண்டமாலைக்குக் காசநோய் மாத்திரைதான் வேண்டும், பற்றுப் போட்டு நாளைக் கடத்தக் கூடாது.

சீன மருத்துவர்களும் மணிக்கட்டில் மூன்று விரல்தான் வைக்கிறார்கள். தோலுக்கடியில் உருளும் கட்டியைக் கபம் திரண்ட கொட்டை என்கிறார்கள். கெட்டிப்பட்டதை இளக்கு, முடிந்ததைக் கலை என்பது அவர்களின் சிகிச்சை வழி. சிப்பி ஓடும் கடற்பாசியும் அதற்கான சரக்குகள். நான்காம் நூற்றாண்டிலேயே கோ ஹோங் என்பவர், கழுத்து வீக்கத்துக்குக் கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். கடற்பாசிச் சாம்பலிலிருந்து பிரெஞ்சுக்காரர் கூர்த்துவா அயோடினைப் பிரித்தது 1811ல்தான். கடற்பாசி வேலை செய்ததற்குக் காரணம் இந்த அயோடின்தான் என்று தெரிய ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவரை வேலையைத் தாங்கியது கையும் கவனிப்பும். சித்தர் போகர் சீனம் போய்வந்தார் என்று நம் மரபு சொல்வதை நினைத்துக்கொண்டேன்.

நம் பக்கத்துச் சரக்கில் எனக்குப் பிடித்தது கழற்சிக்காய். சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டுபோல் உருண்டு, பல்லுக்கு அசையாத கொட்டை. உடைத்து உள்ளிருக்கும் கசப்புப் பருப்பை எடுத்து, முட்டை வெண்கருவில் அரைத்து வீக்கத்தின் மேல் பற்றுப் போடுவார்கள். கல் போன்ற வீக்கத்துக்குக் கல் போன்ற கொட்டை! சங்க காலத்துப் பெண்கள் ஆடிய கழங்கு இதுதான். சங்கப் பாட்டில் தலைவி மெலிந்தால், முருகனின் பூசாரியான வேலன் வந்து நோய்க்குக் காரணம் பார்த்ததும் இதே கழங்கை உருட்டித்தான். காதல் நோயை முருகன் மேல் ஏற்றிவிட்டுப் போவான். நோயைத் தவறாகச் சொன்ன காய், பின்னால் மருந்துப் பெட்டியில் இடம் பிடித்துக்கொண்டது.

அக்காவுக்கு அன்று எந்த மருந்தும் தரப்படவில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சிச் செல் பார்ப்பது என்று வரிசையாக எழுதித் தந்தார். "விரலுக்கு இவ்வளவுதாம்மா தெரியும். உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் பேசலாம்." அவ்வளவு நேரம் தொட்டுப் பார்த்தவர் வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தகட்டில் கை நின்ற இடத்தில் நாங்கள் எண்ணெய்க் கல்லை எடுப்போம், அவர் ஸ்கேனை எடுத்தார்.

திரும்பி வருகையில் வண்டலூர் தாண்டியதும் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அக்கா முந்தானையை விலக்கி, "நீயுந்தான் கையை வச்சுப் பாரேன்டா" என்றாள். விரல் சூடாகட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தேன். அவள் முழுங்கினாள். என் விரலடியில் அது ஏறி, இறங்கி, பழைய இடத்தில் நின்றது.